பழைய லேப்டாப்பும் நன்றி அறிதலும்

கேள்வி சுருக்கமாக இது: 2013-இல் பிளஸ் டூ படித்தபோது அக்காவுக்கு அரசு கொடுத்த லேப்டாப் இப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கையிடம் இருக்கிறது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. ஆன் செய்தால் கைக்கு அடங்க ஆறேழு நிமிடம் ஆகிறது. புதிது வாங்க வீட்டில் இப்போது வழியில்லை. "இதாவது இருக்கிறதே என்று நன்றியோடு இரு" என்கிறார்கள் எல்லாரும். வருவதென்னவோ எரிச்சல்தான், எரிச்சல் படுகிறோமே என்ற குற்ற உணர்வு வேறு. என்ன செய்வது?

முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள். நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போவதற்கு நன்றி என்று பெயர் வைத்துப் பிள்ளைகளிடம் கேட்பது சரியில்லை. அதுவும் வேகமான கணினியில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால் அது அறவே சரியில்லை. நம் மொழியில் இதற்குச் சொல் நன்றி அறிதல். அறிதல் இல்லாமல் அந்தச் சொல்லே நிற்காது. அந்த லேப்டாப் எதில் தடுமாறுகிறது, எதில் இன்னும் கல்லுப்போல இருக்கிறது, எதை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எரிச்சலில் முக்கால் பங்கு அங்கேயே கரையும். மிச்சக் கால் பங்கு நியாயமானது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஆறேழு நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் இருக்கும் இடம், படிக்கும் ஊசித்தலைக்கு நேராக வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி விநாடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு 10 மில்லி விநாடிக்கு மேல். ஆக ஒரு சிறு துண்டைப் படிக்க 16 மில்லி விநாடி என்று வையுங்கள். விநாடிக்கு அறுபது துண்டுதான். விண்டோஸ் எழுந்து நிற்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். பத்தாயிரம் என்று கொண்டாலே 160 விநாடி போய்விடும். அதன் மேல் ஆன்டிவைரஸ், அப்டேட் தேடும் நிரல், பிரிண்டருக்கு யாரோ எப்போதோ போட்ட மென்பொருள் எல்லாம் ஒரே நேரத்தில் அதே தலையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் லேப்டாப்பின் இடது அல்லது வலது உள்ளங்கை வைக்கும் இடத்தில் காதை வைத்தால் மெல்லிய கிரிச் கிரிச் ஓசை கேட்கும். அந்தத் தலை ஓடி ஓடி எடுத்துவரும் சத்தம் அது. பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது.

லேப்டாப் சோம்பேறியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அதன் புராசஸர் வந்த நாளில் விநாடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையை இன்றும் போடும். மாறியது நாம் ஏற்றும் சுமை. அன்று ஒரு செய்தித் தளம் சில படங்களும் எழுத்துமாக இருந்தது. இன்று அதே தளம் தானாக ஓடும் வீடியோ, பத்துப் பதினைந்து விளம்பர நிரல்கள் சகிதம் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டால் கோபம் போகவேண்டிய இடத்துக்குப் போகும். ஆனால் லேப்டாப் பக்கமும் மூன்று உண்மையான குறைகள் வயதால் வரும்: தூசு அடைப்பு, ஹார்ட் டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்கள், பேட்டரி. இவற்றைப் பிரித்தறியாமல் காசு செலவழிக்காதீர்கள்.

ஒரு சிறு நோட்டு எடுத்து மூன்று நேரங்களைப் போனின் ஸ்டாப்வாட்சில் அளந்து எழுதுங்கள். பவர் பட்டனை அழுத்தியதில் இருந்து டிஸ்க் விளக்கு அடங்கும் வரை. பிரவுசரைச் சொடுக்கியதில் இருந்து ஒரு பக்கம் முழுதாகத் திறக்கும் வரை. உங்கள் கல்லூரிப் பாடக் கோப்பு ஒன்று திறக்கும் வரை. தேதியும் போடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே மூன்றையும் மறுபடி அளக்க வேண்டும். "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கிறது" என்ற உணர்வை நம்பிப் பொருள் வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறங்கள். மெமரி என்ற பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்று ஒரு வரைபடம் இருக்கும். அது எப்போதாவது எகிறி இறங்கினால் கவலையில்லை. சும்மா நாலு டேப் திறந்திருக்கும்போதே விடாமல் நூற்றுக்கணக்கில் நின்றால் ரேம் போதவில்லை, இல்லாத ரேமுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கைப் பயன்படுத்துகிறது என்று பொருள். டிஸ்க் பக்கத்தில் ஆக்டிவ் டைம் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன ஊசித்தலைப் பிரச்சினை. சிபியு பக்கத்தில் எதுவும் ஓடாதபோதும் 60, 70 சதவீதம் காட்டினால் அந்த நிரலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது வேண்டாத ஒன்றாக இருக்கும். 2 ஜிபி லேப்டாப்பில் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம்.

கையோடு ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் போதும். நீலம் வந்தால் நல்லது. மஞ்சள் வந்தால், பெரும்பாலும் ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டதால் மாற்றப்பட்ட இடங்கள்), கரன்ட் பெண்டிங் செக்டர் (கெட்டுக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடங்கள்) போன்ற வரிகளில் ஏதோ ஒன்று பூச்சியத்துக்கு மேல் போயிருக்கும். பெண்டிங் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க் போகப்போகிறது. வேறு எதையும் செய்யாமல் அன்றைக்கே கோப்புகளை வெளியே எடுங்கள். சிதறிய துண்டுகளை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை முழுக்க ஓட்டுவது அதற்கு முடிவு கட்டும்.

கோப்புகளை எடுக்கும்போது அக்காவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பன்னிரண்டு வருடத்துப் படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், யாருக்கும் நினைவில்லாத ஃபோல்டர்களில் இருக்கும். இன்னொன்று, தமிழர் வீட்டு லேப்டாப்புக்கே உரியது: பழைய வேர்டு கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். அவை எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற பொது எழுத்துமுறையான யூனிகோடு அல்ல. எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். விண்டோஸை அழிக்கும் முன் அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து நகலெடுங்கள், அல்லது முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இதை மறந்துவிட்டுப் பிறகு அந்த எழுத்துருவின் பெயர் என்னவென்று தேடி அலைபவர்கள் ஏராளம்.

காசு செலவழிக்காமல் ஆகவேண்டியது முதலில். ஸ்டார்ட் மெனுவில் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று தட்டித் திறந்து ஸ்டார்ட்அப் பக்கத்தில் உங்களுக்குத் தெரியாத, தினம் வேண்டாத நிரல்களின் குறியை எடுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதிக்கும். "பிசியை வேகமாக்கும்" என்று விளம்பரம் செய்யும் கிளீனர் நிரல்கள் எதுவும் வேண்டாம். சி டிரைவில் குறைந்தது 15 சதவீதம் காலியாக இருக்கட்டும்.

இது முதலுதவிதான். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. குரோம் 2023-இல் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்குப் போகலாம் என்றால் அதன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் லேப்டாப்பை ஏற்காது. அது கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அந்தக் காலத்து போர்டில் இல்லை. வங்கிக் கணக்கும் தேர்வுக் கட்டணமும் பார்க்கும் கணினியில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் இருப்பதை ஏற்க முடியாது. ஆகவே லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். இது அந்நியமான யோசனை இல்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இந்த லேப்டாப் திட்டத்தில், தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பல வீடுகளில் ஒருமுறைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் லினக்ஸுக்கு முன்னால் ஃபேன். ஏனென்றால் சூடு ஏறினால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. காற்று வெளியேறும் பக்கவாட்டு வாயில் கையை வைத்துப் பாருங்கள். காற்று வெதுவெதுப்பாக, பலமாக வந்தால் நல்லது. உடம்பு கொதிக்கிறது, காற்று மட்டும் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை என்றால் உள்ளே அடைப்பு. ஃபேனுக்கும், சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் தூசும் முடியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் கட்டியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது உள்ளே நகரும், போகாது. திறந்துதான் எடுக்க வேண்டும்.

சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். பிஎச்0 அளவு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பெரும்பாலும் போதும். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகு எந்த இடமோ அங்கே செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். குட்டை இடத்தில் நீளத் திருகைப் போட்டால் மேல்பக்கக் கீபோர்டு புடைக்கும், சில நேரம் போர்டே போகும். ஃபேன் இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷால் தூசை எடுங்கள். இறக்கையைச் சுற்றவிட்டு ஊதினால் பேரிங் கெடும்.

ஹீட் சிங்க்கைக் கழற்றினால் புராசஸர் மேல் இருக்கும், சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிரும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு இரண்டு பக்கமும் பளபளவென்று துடையுங்கள். புதுப் பேஸ்ட் ஓர் அரிசி அளவு. லேப்டாப் புராசஸரின் சில்லு சிறியது, மூடி இல்லாதது. ஆகவே பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் மெல்லிசாகப் பரப்பிவிடுவது நல்லது. அதிகம் வைத்தால் சூடு கடத்துவது குறையுமே தவிர அதிகரிக்காது. ஹீட் சிங்க் திருகுகளுக்கு அருகே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் பாதி பாதியாக முடுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் முதலில் இறுக்கினால் சில்லின் ஓரம் உடையலாம். முன்பு வேலை செய்யும்போது 95 டிகிரி தொட்ட புராசஸர் 75, 80-இல் நின்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது. நம் ஊர் மே மாதத்தில் அறையே 38 டிகிரி என்றால் இதுவும் ஏழெட்டு டிகிரி ஏறும், அது இயல்பு. இதைத் தனியாகச் செய்யத் தயக்கம் இருந்தால் சர்வீஸ் கடையில் கொடுக்கலாம்; "ஃபேன் கிளீனிங், பேஸ்ட் மாற்றம்" என்று கேட்டு, முடிந்தால் அருகில் இருந்து பாருங்கள்.

பிறகு லேப்டாப்பை மெத்தை, தலையணை மேல் வைக்கவே வேண்டாம். பின்புறம் இரண்டு அழிப்பான்களைக் கொடுத்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் அடியில் இருக்கும் வாய் மூச்சு விடும்.

காசு கொஞ்சம் சேர்ந்தால் முதலில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி, அடுத்து ரேம், கடைசியில் பேட்டரி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். ஹார்ட் டிஸ்க் 16 மில்லி விநாடியில் படித்த அதே துண்டை இது 0.1 மில்லி விநாடியில் படிக்கும். மேலே 160 விநாடி என்று போட்ட கணக்கு ஒரே விநாடிக்கு வருகிறது. நடைமுறையில் புராசஸரும் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் முழு பூட் அரை நிமிடத்துக்கு அருகில் வந்து நிற்கும். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன்; சில பழைய லேப்டாப்களில் டிஸ்க் இருக்கும் குழி 9.5 மில்லிமீட்டர். இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் கூடவே வரும், இல்லையென்றால் அட்டையை மடித்து வையுங்கள்; ஆடினால் சாட்டா இணைப்பு தளரும். பெயர் தெரியாத கம்பெனியின் 1 டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் வாங்காதீர்கள். அளவைப் பொய்யாகக் காட்டுபவை சந்தையில் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கிப் போட்டு பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

ரேம் வாங்கும்போது தவறு நடப்பது ஒரே எழுத்தில். டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். எல் வகை பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ஓடும், 1.35 மட்டுமே ஏற்கும் போர்டில் பழைய 1.5 வகையைப் போட்டால் லேப்டாப் எழாது. உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் பழைய லேப்டாப்பில் இருந்து எடுத்த டிடிஆர்3 ரேம் புதியதைவிட மலிவாகக் கிடைக்கும். ரேமுக்குத் தேய்மானம் குறைவு என்பதால் பழையது வாங்குவதில் தவறில்லை, ஒரு வாரமாவது மாற்றித் தரும் கடையில் வாங்குங்கள். செருகும்போது சாய்வாக நுழைத்து, இரண்டு ஓரக் கிளிப்பும் "டக்" என்று பிடிக்கும் வரை அழுத்த வேண்டும். போட்ட பிறகு திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால் பதறாதீர்கள். ரேம் சரியாக உட்காரவில்லை. கழற்றித் தங்க நிறக் காலைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, மறுபடி போடுங்கள். 32 பிட் விண்டோஸில் 4 ஜிபி போட்டால் மூன்றேகாலோ மூன்றரையோதான் காட்டும். ரேமில் குறை இல்லை, அந்த விண்டோஸின் எல்லை அது.

லினக்ஸ் போடும் நாள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, நல்ல இணையம் உள்ள இடம், இரண்டு மணி நேரம். 4 ஜிபி ரேம் ஆகிவிட்டால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என் பரிந்துரை. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபியிலேயே நிற்க வேண்டியிருந்தால் ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் இலேசான லினக்ஸைப் பாருங்கள்; அழகு குறைவு, ஆனால் எழுந்து நிற்க 300 எம்பி அளவு ரேம்தான் எடுக்கும். ரூஃபஸ் என்ற நிரலால் பென் டிரைவில் எழுதி, லெனோவோ, ஏசர் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 அழுத்தி பூட் மெனு கொண்டுவாருங்கள். உடனே நிறுவாதீர்கள். பென் டிரைவில் இருந்தே ஓடும் லைவ் முறையில் ஓடவிட்டு வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம் நான்கும் வேலை செய்கிறதா பாருங்கள். பிராட்காம் கம்பெனியின் வைஃபை சில்லு இருந்தால் வைஃபை தெரியாமல் போகலாம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கினால் சரியாகும். வைஃபை வேலை செய்தும் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட் மட்டும் தெரியவில்லை என்றால், போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. பழைய லேப்டாப்களில் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் மாற்றுங்கள்.

நிறுவிய பிறகு சாஃப்ட்வேர் மேனேஜரில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பைச் சேருங்கள். ரேம் நிரம்பும்போது உள்ளே இருப்பதைச் சுருக்கி ரேமிலேயே அடுக்கிவைக்கும் ஏற்பாடு இது. அதன் அமைப்புக் கோப்பில் (/etc/default/zramswap) சதவீதம் (PERCENT) 50 என்று மாற்றிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால், 2 ஜிபி லேப்டாப்பில்கூடக் கூடுதலாக இரண்டு மூன்று டேப் மூச்சு முட்டாமல் நிற்கும். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு நிரல்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துக்குப் போய், எந்த இணையதளமும் "பாதுகாப்பானதல்ல" என்று மறுத்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. விலை மிகக் குறைவு. சில லேப்டாப்களில் அது ஒயரோடு வரும்; அதே மாதிரி கேட்டு வாங்குங்கள்.

யூடியூப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடம் கேட்பது அதில்தான். 2013-க்கு முந்தைய இன்டெல் கிராஃபிக்ஸ் எச்264 என்ற வகை வீடியோவைத் தனி மின்சுற்றால் எளிதாக விரிக்கும். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்புவது விபி9, ஏவி1 என்ற வேறு வகைகள். அவற்றை உங்கள் லேப்டாப் புராசஸரைப் பிழிந்து விரிக்கிறது. அதனால்தான் ஃபேன் அலறுகிறது, படம் விட்டு விட்டு வருகிறது. எச்264ஐஃபை என்ற சின்ன நீட்சியை பிரவுசரில் சேர்த்தால் யூடியூப் எச்264-ஐயே அனுப்பும். தரத்தை 480-இல் வையுங்கள்; கரும்பலகை எழுத்து அதில் தெளிவாகவே தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போட்டுவிட்டால் விளம்பரச் சுமையும் இறங்கும். இந்த மாற்றங்களுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. எஸ்எஸ்டிக்கு அடுத்தபடியாக அதிக நிம்மதி கொடுப்பவை இவைதான்.

நன்றி என்பது உள்ளே வருவது இப்படி ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தமிழ்99 கோப்பை யாரோ எழுதினார்கள். வேர்டு, எக்செல் போன்றவற்றுக்குப் பதிலான இலவச நிரல் லிப்ரே ஆபீஸின் மெனுக்களைச் சம்பளமில்லாமல் யாரோ தமிழாக்கினார்கள். டெபியன் என்ற லினக்ஸ் 1993-இல் இருந்து தன்னார்வலர்களால் நடக்கிறது. மின்ட்டும் ஆன்டிஎக்ஸும் அவர்கள் உழைப்பின் மேல்தான் நிற்கின்றன. பேட்டரிக்குள் இருக்கும் கோபால்ட்டை உலகுக்கு அதிகம் கொடுப்பது காங்கோ ஜனநாயகக் குடியரசு. அங்கே கையால் மண் தோண்டுபவர்களில் குழந்தைகளும் உண்டு. லேப்டாப் ஒன்றின் ஆயுள் முழுவதற்குமான கரியமில வாயுக் கணக்கில் பெரும்பங்கு அதைச் செய்து முடிக்கும்போதே செலவாகிவிடுகிறது. இத்தனை பேர் கைபட்ட பொருளை இன்னும் நான்கு வருடம் ஓடவைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதற்கு மேலும் செய்ய விரும்பினால் தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் பாடத்தில் ஒரு கட்டுரையைத் திருத்துங்கள், லினக்ஸ் மெனுவில் தப்பான தமிழ்ச் சொல்லைக் கண்டால் அந்தக் குழுவுக்கு எழுதுங்கள். இந்த லேப்டாப் அந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

எதற்குப் போதாது என்பதையும் மறைக்கக் கூடாது. வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, கேமராவையும் திரைப் பகிர்வையும் சேர்த்து ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு, இவற்றில் இது தோற்கும். வகுப்பைப் போனில் கேளுங்கள், குறிப்பை லேப்டாப்பில் எடுங்கள். கனமான வேலைக்குக் கல்லூரி லேபில் நேரம் கேளுங்கள். மற்றபடி சி, பைத்தான் நிரல்கள், வேர்டு, எக்செல் போன்ற வேலைகள், பிடிஎஃப் படிப்பது, கிவிக்ஸில் இணையமில்லாமல் விக்கிப்பீடியா பார்ப்பது எல்லாம் தாராளம். ஒரே நேரத்தில் ஒரு வேலை என்ற பழக்கம் மட்டும் வேண்டும். திறக்கச் சொன்னது திறக்கும் வரை இரண்டாவது முறை சொடுக்காதீர்கள். ஒவ்வொரு சொடுக்கும் இன்னொரு வேலையாக வரிசையில் நிற்கும், நீங்களே அதை மெதுவாக்குகிறீர்கள்.

பேட்டரி நிற்கவில்லை என்றால் சார்ஜரில் மட்டும் ஓட்டலாம், ஆனால் மின்சாரம் போனால் எழுதியது போகும். லிப்ரே ஆபீஸில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி வையுங்கள். சார்ஜர் மாற்றினால் வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது அதற்கு மேல். பேட்டரி புடைத்திருந்தால், டச்பேட் மேலெழும்பி இருந்தால், அன்றோடு அதை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையில் போடவும் கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மூடியைத் திறக்கும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடியுங்கள். பன்னிரண்டு வயது லேப்டாப்கள் பலவும் கடைசியில் போவது மூடியைத் தாங்கும் கீலான ஹின்ஜ் உடைந்துதான்.

வருடத்துக்கு ஒருமுறை ஃபேனைத் திறப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே நாள் குறித்துவைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் லேப்டாப்பை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, தூசை எடுத்து, கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி, திரையை லேசாக ஈரமான துணியால் துடையுங்கள். சந்தனமும் குங்குமமும் மூடியின் மேல் மட்டும், தொட்டு வைத்த அளவில் போதும். காற்று வாயிலும் யுஎஸ்பி துளையிலும் குங்குமத் தூள் போனால் மறுபடி எடுப்பது கஷ்டம். விஜயதசமி காலையில் பேட்டரியை மாட்டி ஆன் செய்து, அந்த மூன்று நேரங்களையும் அளந்து, நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுங்கள்.